இரண்டு கை உப்பு

கேப்டன் தங்கரத்தினத்தின் கை சும்மா இருக்காது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவர் விமானி என்பதை அடுத்ததாகத்தான் சொல்வார்கள். கந்தசாமி கோயிலில் எவரோ தோரணம் கட்டிக்கொண்டிருந்தால் இவர் போய் முடிச்சை இறுக்கிவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்தால், கேட்காமலே போய் நின்று கை காட்டுவார். மகள் சந்திரகலா கார் ஓட்டப் பழகிய காலத்தில், பக்கத்து இருக்கையில் இருந்தபடியே ஸ்டியரிங்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு வந்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் ஸ்காட் ரோட்டிலேயே காரை நிறுத்தி, "அப்பா, நான் டிரைவிங் ஸ்கூல்லயே கத்துக்கிறேன்லா" என்று இறங்கி நடந்து போய்விட்டாள்.

இதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. அதுதான் தொல்லையே. கெட்ட எண்ணத்தோடு செய்கிற மனிதனைத் திட்டித் தீர்த்துவிடலாம். உதவி செய்கிறேன் என்று வந்து நிற்பவரை என்ன செய்வது? அதிலும் இவர், செய்த உதவியை வாய் திறந்து சொல்லவும் மாட்டார். சொல்லிக்காட்டுவது அற்பத்தனம், சொல்லாமல் செய்வதுதான் பெரிய மனிதத்தனம் என்று வளர்க்கப்பட்டவர். அவருடைய வீட்டில் எல்லோருமே அப்படித்தான்.

அந்தக் கைதான் இருபது வருஷத்துக்கு மேலாக அவருக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய விமானங்களில் கேப்டனுக்கு முன்னால் ஒரு சக்கரம், துணை விமானிக்கு முன்னால் ஒரு சக்கரம். இரண்டும் தரைக்கு அடியில் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பும். அங்கிருந்து எஃகு வடங்கள் உருளைகளின் மேல் ஓடி இறக்கைக்கும் வாலுக்கும் போகும். அங்கே ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் மிச்சப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். துணை விமானி ஓட்டும்போது தங்கரத்தினம் தன் பக்கத்துச் சக்கரத்தில் இரண்டு விரலை லேசாக வைத்திருப்பார். தரையிறங்கும் நேரத்தில் மூக்கைத் தூக்க அந்த இளைஞர் ஒரு நொடி தாமதித்தால், அந்த இரண்டு விரலும் சக்கரத்தைத் துளி இழுக்கும். விமானம் பூப்போல உட்காரும். "நல்ல லேண்டிங்" என்று பாராட்டிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படி அவர் விரலில் கரையேறிய துணை விமானிகள் பலர். அவர்களில் சிலர் இன்று கேப்டன்கள்.

கம்பெனி பழைய விமானங்களை விற்றுவிட்டு ஐரோப்பாவிலிருந்து புதிய விமானங்களை வாங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் அது பெரிய பேச்சு. தங்கரத்தினமும் பயிற்சிக்குப் போனார். விமானி அறைக்குள் காலை வைத்தவருக்கு முதல் அதிர்ச்சி, சக்கரத்தைக் காணோம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இழுத்து விரிக்கிற ஒரு சிறு மேசை. சாப்பாட்டுத் தட்டு வைப்பதற்காம். கேப்டனுக்கு இடப்பக்கச் சுவரோரம் கைப்பிடி அளவில் ஒரு குச்சி. துணை விமானிக்கு வலப்பக்கச் சுவரோரம் அதேபோல இன்னொரு குச்சி. அதற்கு நல்ல ஆங்கிலப் பெயர் உண்டு. இவர் கடைசிவரை அதைக் குச்சி என்றுதான் சொன்னார்.

அந்தக் குச்சியை இழுத்தால் அது எதையும் இழுப்பதில்லை. 'மூக்கை இவ்வளவு தூக்க வேண்டும்' என்று கம்ப்யூட்டர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறது, அவ்வளவுதான். அப்படி ஐந்து கம்ப்யூட்டர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. வேகம் என்ன, சாய்வு என்ன என்று பார்த்து, கேட்டது நியாயம்தானா என்று யோசித்து, மின்கம்பி வழியாக வாலுக்கும் இறக்கைக்கும் கட்டளை அனுப்பும். அங்கே பலகைகளை அசைப்பது இன்னமும் அதே ஹைட்ராலிக் எண்ணெய்தான். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்று தனித்தனி அமைப்புகள். குச்சியை விட்டுவிட்டால் விமானம் விட்ட நிலையிலேயே நிற்கும். காற்று தள்ளினால் தானே திருத்திக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சாய்க்கப் பார்த்தால், 'இதற்கு மேல் ஆகாது' என்று நின்றுகொள்ளும். இதெல்லாம் தங்கரத்தினத்துக்குப் பிடித்திருந்தது. எழுத்துத் தேர்வில் முதல் ஆளாகத் தேறினார்.

ஆனால் இரண்டு குச்சிகளுக்கும் இடையில் எந்தப் பிணைப்பும் கிடையாது. துணை விமானி தன் குச்சியை இழுத்தால் கேப்டனின் குச்சி அசையாது. அவர் கை என்ன செய்கிறது என்று இவர் கைக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கம்ப்யூட்டர் சண்டை பிடிக்காது, கேள்வி கேட்காது, இரண்டையும் கூட்டிக்கொள்ளும். இவர் கொஞ்சம் இழுத்து அவரும் கொஞ்சம் இழுத்தால் விமானத்துக்கு அது அதிகம். கேப்டனே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், குச்சியின் தலையில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே மற்றக் குச்சி செத்துப்போகும். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று வாயாலும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இதைப் படித்தபோது தங்கரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டார். தலைக்குப் புரிந்துவிட்டது. கைக்கு யார் சொல்வது?

சுபாங்கில் பயிற்சிக் கட்டடத்துக்குள், ஹைட்ராலிக் கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டிதான் சிமுலேட்டர். உள்ளே அசல் விமானி அறை. ஜன்னலுக்கு வெளியே கம்ப்யூட்டர் காட்டும் ஓடுதளம். தங்கரத்தினத்துக்குத் துணையாக வந்தவர் ஜெயராஜ், கிள்ளான்காரர், முப்பது வயது, பேச்சு குறைவு. சோதிப்பவர் கேப்டன் ராதாகிருஷ்ணன். ஒரு காலத்தில் தங்கரத்தினத்தின் பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்தவர். இப்போது பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார். காலம் செய்கிற கோலம்.

முதல் நாள், ஜெயராஜ் தரையிறக்கிக்கொண்டிருந்தார். தரை நெருங்கியது. ஜெயராஜ் இழுத்தார். மூக்கு எழுந்தது, எழுந்துகொண்டே போனது. பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். ராதாகிருஷ்ணன் பெட்டியை நிறுத்தினார்.

"சார், வால் ரன்வேல இடிச்சிருச்சு."

"ஜெயராஜ் கொஞ்சம் கூட இழுத்துட்டாரு போல" என்றார் தங்கரத்தினம், ஆறுதலான குரலில்.

ஜெயராஜ் தன் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சரியாத்தான் சார் இழுத்தாரு. நீங்களும் கூட இழுத்தீங்க."

"நானா? நான் தொடவே இல்ல!"

பொய் இல்லை. அவர் சத்தியமாகத் தொடவில்லை என்றுதான் நம்பினார். ராதாகிருஷ்ணன் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு குச்சிகளுக்கும் இரண்டு கோடுகள். ஒரே நொடியில் இரண்டும் எழுந்திருந்தன. தங்கரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கோடு மாறவில்லை. தன் இடது கையைத் திருப்பி, யாரோ அந்நியரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்த நாளும் அதுவேதான் நடந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று மாலை ராதாகிருஷ்ணன் அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் இரண்டு தே தாரிக் சொன்னார். வந்த தேநீரை இருவரும் குடிக்கவில்லை.

"சார், வர்ற வியாழக்கிழமை இன்னொரு டெஸ்ட் குடுக்கச் சொல்லிட்டாங்க. அதான் கடைசி."

"அதுவும் ஆகலன்னா?"

"டிரெய்னிங் ஆபீஸ்ல ஒரு மேசை இருக்கு." ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பழைய பிளேன் எல்லாம் வித்தாச்சு. வேற ஒண்ணும் பறக்கறதுக்கு இல்ல சார்."

தங்கரத்தினம் தேநீர்த் தம்ளரைத் தள்ளி வைத்தார். ஐம்பத்தொரு வயதில் மேசையா? மற்றவர்கள் பறக்கிற நேரத்தை அட்டவணை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா சார்?" என்றார் ராதாகிருஷ்ணன். "நான் புதுசா வந்தப்போ என் லேண்டிங் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க. அது என் லேண்டிங் இல்ல, உங்களுதுன்னு எனக்குத் தெரியும்."

"சேச்சே, அப்படியெல்லாம்..."

"வீல்ல உங்க விரல் தெரியும் சார். நீங்க இழுக்கறது என் கைக்கு வரும். உடனே நான் என் கையத் தளர்த்திக்குவேன். அதனால யாருக்கும் ஆபத்து இல்ல. இந்தப் பிளேன்ல உங்க விரல் தெரியாது. ஜெயராஜுக்கு எப்படித் தெரியும்?"

தங்கரத்தினத்துக்கு அதுவரை வராத வெட்கம் அப்போது வந்தது. இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் உதவினேன் என்று நினைத்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவர் மனைவி குணேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டிரெய்னிங் எப்படிப் போச்சு?" என்று அவர் கேட்டதற்கு, "ம், பரவாயில்ல" என்றார். குணேஸ்வரி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. பதினாறு வயதுப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு வந்து சொல்கிற பொய்களையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர். புருஷன் முகத்தில் இருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். அந்த வீட்டுப் பழக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை குணேஸ்வரியின் தம்பி வல்லிபுரம் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்குக் கிள்ளானிலிருந்து வந்தார். இடியப்பம், மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. சொதியில் தேங்காய்ப்பால் பொங்கி வரும் நேரத்தில் குணேஸ்வரி உப்பைப் போட்டுக் கலக்கினார். வாசலில் கார் சத்தம் கேட்டது. தம்பியை வரவேற்கப் போனார். அந்த நேரம் பார்த்துத் தங்கரத்தினம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். அடுப்பில் சொதி; பக்கத்தில் மூடி திறந்த உப்பு ஜாடி. பாவம், விருந்தாளி வந்த அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஒரு கை அள்ளிப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வல்லிபுரம் இடியப்பத்தின் மேல் சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவர் கண்கள் கொஞ்சம் பெரிதாயின. மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"சொதி நல்லா இருக்குக்கா" என்றார்.

அவர் மனைவியும் "ஆமா, நல்லா இருக்கு அண்ணி" என்று தண்ணீர் குடித்தார். சந்திரகலா ஒரு வாய் வைத்துவிட்டு வெளிப்படையாகவே தட்டைத் தள்ளினாள். வல்லிபுரத்துக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஆனால் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். என்ன மரியாதை பாருங்கள். அக்காவின் மனம் நோகக் கூடாது என்று அந்த மனிதர் அன்று உப்பளத்தையே குடித்தார்.

குணேஸ்வரி சந்தேகப்பட்டுத் தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார். அப்படியே நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார்.

"நீங்க உப்புப் போட்டீங்களா?"

"நீ மறந்துட்டியோன்னு..."

"நான் மறந்தேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஜாடி தொறந்து கெடந்துச்சு..."

"தொறந்து கெடந்தா போட்டாச்சுன்னு அர்த்தம்!" தம்பி இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை, இருபத்தைந்து வருஷத்து உப்பு எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. "உங்க கை உப்புச் சரியாத்தான் இருக்கும். என் கை உப்பும் சரியாத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே சட்டியில விழுந்தா மனுசன் தின்ன முடியுமா? போட்டா போட்டேன்னு சொல்லணும். இல்லன்னா போடாம இருக்கணும். சொல்லாமச் செய்யறதுக்கு இது என்ன தர்மமா?"

வல்லிபுரம் சமாதானம் செய்யப் பார்த்தார். "விடுக்கா. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இன்னைக்கு ரெண்டு பேரு உப்பிட்டிருக்கீங்க. ரெண்டு மடங்கு நினைக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த இடியப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொதிக் கிண்ணத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒன்றாக எழுந்த அந்த இரண்டு கோடுகள் அவர் கண்முன் வந்து நின்றன. ஜெயராஜ் இழுத்ததும் சரியான அளவு. தான் இழுத்ததும் சரியான அளவு.

விருந்தாளிகள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"குணம், நான் ரெண்டு தடவை ஃபெயில் ஆயிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். குச்சி, கூட்டல், வால் இடித்தது, வியாழக்கிழமை, மேசை. குணேஸ்வரி குழாயை மூடிவிட்டுக் கேட்டார். அவருக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. பயத்தோடு பயமாக, புருஷன் வாய் திறந்தாரே என்று கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

"இதை ஏன் எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"உனக்கெதுக்குக் கவலைன்னு..."

"பாத்தீங்களா, இதுவும் உப்புக் கதைதான்" என்றார் குணேஸ்வரி. பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஆசிரியை குரலுக்கு மாறினார். "சரி. வியாழக்கிழமை வரைக்கும் இந்த வீட்டுல நீங்க ஒண்ணையும் தொடக் கூடாது. தொடணும்னா வாயால சொல்லிட்டுத் தொடணும்."

அந்த வாரம் தங்கரத்தினம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டிவியின் மேல் சாய்ந்து கிடந்த படத்தை நிமிர்த்தக் கை போனது, இழுத்துக்கொண்டார். மகள் காரைப் பின்னால் எடுத்தாள். வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். பூத்தொட்டிக்கு மயிரிழையில் கார் நின்றது. தொட்டியும் பிழைத்தது, மகளும் பிழைத்தாள். உட்காரும்போதெல்லாம் இடது உள்ளங்கையை மேல்நோக்கி மடியில் வைத்துப் பழகினார். மல்லாந்து கிடக்கிற கை தானாக எதையும் பிடிக்காது; பிடிக்க வேண்டுமானால் முதலில் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புகிற நேரம் போதும், மனிதன் யோசிப்பதற்கு. இதை அவரே கண்டுபிடித்தார். சமையலறையில் குணேஸ்வரி வேண்டுமென்றே உப்பு ஜாடியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போவார். திரும்பி வந்து பார்த்தால், கேப்டன் உள்ளங்கையை மடியில் மல்லாத்திக்கொண்டு ஜாடியை முறைத்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை காலை சுபாங் போகிற வழியெல்லாம் மழை. பெட்டிக்குள் ஏறியதும் ராதாகிருஷ்ணன், "மொதல் ரெண்டு அப்ரோச்சும் ஜெயராஜ்தான் ஓட்டுவாரு சார். நீங்க பாத்துக்குங்க" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோதிக்கிறவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

முதல் முறை குறுக்குக் காற்று. ஓடுதளம் ஜன்னலில் பெரிதாகிக்கொண்டு வந்தது. கடைசி நேரத்தில் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. ஜெயராஜ் இன்னும் தூக்கவில்லை. தங்கரத்தினத்தின் விரல்கள் துடித்தன. மடியில் கிடந்த கை திரும்பப் பார்த்தது. அவர் அதை விடவில்லை. கைக்குப் பதிலாக வாயைத் திறந்தார்.

"பிட்ச்" என்றார். மூக்கைக் கவனி என்பதற்கு விமானிகளின் சொல் அது.

"கரெக்டிங்" என்று ஜெயராஜ் மூக்கைத் தூக்கினார். பலாப்பழம் விழுந்த மாதிரி விமானம் தொப்பென்று உட்கார்ந்தது. அழகில்லை, ஆனால் வால் இடிக்கவில்லை. அது முழுக்க முழுக்க ஜெயராஜின் லேண்டிங். தங்கரத்தினத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது.

இரண்டாவது முறை மேகத்துக்குள் இறங்கினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரம் அடி வந்ததும் தங்கரத்தினம் வழக்கப்படி "ஒன் தௌசண்ட்" என்றார். 'செக்' என்று பதில் வர வேண்டும். வரவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தார். மூக்கு மெல்லத் தாழ ஆரம்பித்தது. தொடக் கூடாது, தொடக் கூடாது என்று நாலு நாளாகக் கைக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கையும் நல்ல பிள்ளையாக மடியில் கிடந்தது. சொன்ன பேச்சுக் கேட்காத கை, கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கிறது.

"ஜெயராஜ், ஒன் தௌசண்ட்!"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். ஜெயராஜின் தலை தோள்பட்டை மேல் சாய்ந்து கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வலது கை குச்சியின் மேல் விழுந்து அதை முன்னால் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கேட்டுப் பதில் வராவிட்டால் அந்த ஆள் இல்லை என்று வைத்துக்கொள் என்பது விமானிகளின் விதி.

மல்லாந்திருந்த கை திரும்பியது. இந்த முறை அவர் சொல்லித் திரும்பியது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தது.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்!"

"ப்ரையாரிட்டி லெஃப்ட்" என்று இயந்திரக் குரல் ஒப்புக்கொண்டது. ஜெயராஜின் குச்சி அந்தக் கணத்தில் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. தங்கரத்தினம் மூக்கைத் தூக்கி, விசையைக் கூட்டி, மேகத்துக்கு மேலே ஏறினார். ஏறும்போது ஒரு நினைப்பு வந்தது. பழைய வழக்கப்படி சத்தமில்லாமல் இரண்டு விரலால் இழுத்திருந்தால், அவர் இழுத்ததும் ஜெயராஜ் அழுத்தியதும் ஒன்றை ஒன்று தின்றிருக்கும். விமானம் இறங்கிக்கொண்டேதான் இருந்திருக்கும். அரை உதவி ஒருவரையும் காப்பாற்றியிருக்காது.

சுற்றி வந்து தானே தரையிறக்கினார். சக்கரங்கள் தரையைத் தொட்டது அவருக்கே தெரியவில்லை, அத்தனை மென்மை.

பெட்டி அசைவதை நிறுத்தியது. ஜெயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "சாரி சார். ராதாகிருஷ்ணன் சார்தான் மயங்கச் சொன்னாரு. கழுத்து வலிக்குது."

"நல்லாத்தான்யா செத்தே" என்றார் தங்கரத்தினம்.

பின்னால் இருந்து ராதாகிருஷ்ணன் எழுந்து வந்தார். இப்போது அவர் முகத்தில் எல்லாம் தெரிந்தது. இரண்டு கையாலும் தங்கரத்தினத்தின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸ் சார். அடுத்த வாரமே நீங்க பறக்கலாம்."

தங்கரத்தினம் சரி என்று தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஒன்றும் அழுக்காக இல்லை. கீழே இறங்கியதும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் செய்தார். "குணம், ஆயிடுச்சு" என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சீக்கிரம் வாங்க. சொதி வைக்கிறேன்" என்றார் குணேஸ்வரி.

மழை விட்டிருந்தது. ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான நெரிசல். அன்று அது அவருக்கு நெரிசலாகவே படவில்லை. முன்னால் போன லோரிக்காரர் கண்டபடி வெட்டி நுழைந்தபோதும் ஹார்ன் அடிக்காமல் வழிவிட்டார்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது சொதி அடுப்பில் தளதளவென்று இருந்தது. குணேஸ்வரி, "நான் விளக்கேத்திட்டு வரேன்" என்று சாமி அறைக்குப் போனார். உப்பு ஜாடி திறந்தபடி பக்கத்திலேயே இருந்தது. தங்கரத்தினம் அதைப் பார்த்தார். சிரித்துக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சையில் தேறிய மாணவனைப்போலக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கரத்தினம் ஒரு வாய் வைத்தார். மென்றார். குணேஸ்வரியும் ஒரு வாய் வைத்தார். சந்திரகலா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, சொதியில உப்பே இல்ல" என்றாள்.

குணேஸ்வரி கணவரைப் பார்த்தார். "நீங்க போடலையா?"

"நான் எதுக்குப் போடணும்? ஜாடி தொறந்து கெடந்தா போட்டாச்சுன்னு அர்த்தம்னு நீதானே சொன்னே?"

"நாலு நாளா கையக் கட்டிக்கிட்டு இருந்தீங்களேன்னு..." குணேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது; சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு நீங்களே போடட்டும்னுதான் தொறந்து வச்சுட்டுப் போனேன்."

"அதை வாயால சொன்னியா?"

குணேஸ்வரி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சந்திரகலாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மூவருமே தட்டை மறந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் குணேஸ்வரிக்குக் கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பில் வந்ததா, வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தச் சொதி குப்பைக்குப் போகவில்லை. குணேஸ்வரி எழுந்து போய் ஜாடியை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தார்.

"யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார், கணக்கு ஆசிரியையின் தெளிவான குரலில்.

தங்கரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஜாடிக்குள் கையை விட்டார். அளவு சரியாக இருந்தது.